பொய் சொல்லலாம், காணாமல் போகக் கூடாது

டிப்ளமசி, ஆளுக்கொரு ஐரோப்பிய நாடாகப் பேரம் பேசி ஆடும் பலகை ஆட்டம். அதில் என் முதல் ஆட்டத்தில் எனக்குக் கிடைத்த நாடு ஆஸ்திரியா. ரஷ்யாவாக ஆடியவர் மிக மரியாதையானவர், நாள்தோறும் எழுதுவார். "கலீசியாவில் நாம் இருவருமே கால் வைக்க வேண்டாம், நடுவில் காலியாகக் கிடக்கட்டும்" என்றார். நம்பினேன். வியன்னாவில் இருந்த படையைப் புடாபெஸ்டுக்கும், புடாபெஸ்டில் இருந்ததைச் செர்பியாவுக்கும் நகர்த்தினேன். எல்லோருடைய ஆணைகளும் ஒரே நொடியில் விரிந்தபோது, வார்சாவில் இருந்த ரஷ்யப் படை கலீசியாவில் வந்து நின்றது. எதிரே வியன்னா காலி. அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. மறுநாள் காலையில் எழுந்து துருக்கிக்கு நீண்ட கடிதம் எழுதினேன், ஜெர்மனியிடம் கெஞ்சினேன். எப்படியோ தாக்குப்பிடித்தேன். அந்த நாட்களை இன்றும் ஆசையோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆட்டத்தைக் கெடுத்தவர் அந்த ரஷ்யர் அல்லர். இத்தாலியாக ஆடியவர், ஆட்டத்தின் நாட்காட்டியில் 1902 வசந்தத்தில், ஆணை அனுப்பவில்லை, இலையுதிர் காலத்திலும் அனுப்பவில்லை. விளக்கம் இல்லை, விடைபெறவும் இல்லை. அவருடைய படைகள் நின்ற இடத்தில் நின்றன. பக்கத்தில் இருந்த பிரான்ஸ் சண்டையே இல்லாமல் துனிஸையும் ரோமையும் நேப்பிள்ஸையும் எடுத்துக்கொண்டது. பிரான்ஸை மடக்க இங்கிலாந்தும் ஜெர்மனியும் போட்ட திட்டம் அர்த்தமற்றுப் போனது. அடுத்த இரண்டு வாரத்தில் மேலும் இருவர் வரவில்லை. ஆட்டம் முடியவில்லை, செத்துப்போனது.

முதுகில் குத்துவதற்கென்றே உருவான ஆட்டம் இது. இதை ஆடும் கூட்டம் 60 ஆண்டுகளாக, தபாலிலும் மின்னஞ்சலிலும் இணையத்திலும், சிதறாமல் இருந்துவருகிறது. எப்படி என்று கேட்டால் நான் இத்தாலியைத்தான் காட்டுவேன். துரோகத்தை இவர்கள் தாங்கிக்கொள்வார்கள். வராமல் போவதுதான் இவர்களைக் கொல்லும். இந்தக் கூட்டம் காலங்காலமாக வகுத்த விதிகளில் பெரும்பகுதி அந்த ஒரு நோய்க்குப் போட்ட மருந்து.

ஆட்டமும் அதன் கணக்கும்

ஆலன் கால்ஹாமர் ஹார்வர்டில் படித்தவர். 1954-ல் இந்த ஆட்டத்துக்கு வடிவம் கொடுத்து, 1959-ல் தன் கைக்காசில் 500 பெட்டிகள் அச்சிட்டு விற்றார். முதல் உலகப்போருக்கு முந்தைய ஐரோப்பாதான் பலகை. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா, ரஷ்யா, துருக்கி என்று 7 நாடுகள், 7 பேர். மொத்தம் 34 விநியோக மையங்கள், அவற்றில் 18-ஐப் பிடித்தவர் வென்றவர். பகடை கிடையாது, சீட்டு கிடையாது. பேசி முடித்தபின் ஒவ்வொருவரும் ஆணைகளை மறைவாக எழுதுகிறார்கள், எல்லாம் ஒன்றாகத் திறக்கப்படுகின்றன. எல்லாப் படைகளும் சமபலம் என்பதால், பக்கத்து நாட்டுக்காரர் துணை தராமல் எவரும் அதிக தூரம் போக முடியாது. பேசாமல் ஆட முடியாது, பேசியதை நம்பவும் முடியாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று விதிப் புத்தகம் எங்கும் கட்டளையிடவில்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் தொடங்கிய ஆட்டத்தை முடிவுவரை ஆடிவிட நூற்றுக்கு 90 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். சதுரங்கத்தில் இருவர்தான், இருவரும் முடிவுவரை நிற்க 81 வாய்ப்பு உண்டு. டிப்ளமசியில் 7 பேரும் நிற்க வேண்டும். 0.9-ஐ ஏழு முறை பெருக்கினால் 0.48 வருகிறது. பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் யாராவது ஒருவர் கழன்றுகொள்வார். ஒவ்வொருவரும் 99 அளவுக்கு நம்பகமானவர் என்றால் 93 ஆட்டங்கள் உருப்படும். ஆளைக் கூட்டுவதைவிட இருக்கும் ஆளின் ஒழுங்கைச் சற்றே உயர்த்துவது எத்தனை பெரிய பலன் தருகிறது பாருங்கள். பெரிய விளம்பரம் செய்து ஆயிரம் புதியவர்களை ஒரே நாளில் கொண்டுவந்து இறக்கினால், அந்த மாதம் தொடங்கும் ஆட்டங்கள் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். முதல் ஆட்டமே இப்படிச் செத்துப்போனால் நல்ல புதியவரும் திரும்பி வரமாட்டார். நானே கிட்டத்தட்ட வராமல் போயிருப்பேன்.

தபால் காலம்

7 பேரை ஒரே மேசையில் ஏழெட்டு மணி நேரம் உட்கார வைப்பது எந்த ஊரிலும் கடினம். 1963-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த இயற்பியலாளர் ஜான் போர்டுமன், அறிவியல் புனைகதை வாசகர்களின் சிற்றிதழ் மரபைப் பின்பற்றி, கிராஸ்டார்க் என்ற இதழைத் தொடங்கினார். ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிப் பேசிக்கொள்வார்கள். ஆணைகளை இதழாசிரியருக்கு அனுப்புவார்கள். அவர் முடிவுகளைக் கணித்து அச்சிட்டு எல்லோருக்கும் அனுப்புவார். ஓர் ஆட்டம் முடிய ஓராண்டு, இரண்டாண்டு ஆகும். அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான சிற்றிதழ்கள் முளைத்தன. கால்ஹாமர் பின்னாளில் இலினாய் மாநிலத்தின் லா கிரேஞ்ச் பார்க்கில் வீடுவீடாகக் கடிதம் கொடுக்கும் தபால்காரராக வேலை பார்த்தார். தன் ஆட்டத்தை வாழவைத்த தபாலையே அவரும் பையில் சுமந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இந்தக் கூட்டத்தின் முதல் பொதுச்சொத்து ஒரு பதிவேடு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தொடங்கிய ஆண்டும் ஓர் எழுத்தும் சேர்த்து எண் கொடுத்தார்கள். முதலாவது 1963ஏ. போர்டுமன் எண் என்று அதற்குப் பெயர். அந்தப் பதிவேட்டைக் காப்பது ஒரு பொறுப்பாகி, கைமாறிக் கைமாறி வந்தது. எண் கிடைத்தவுடன் ஆட்டம் நாலு பேரின் சொந்த விஷயமாக இல்லாமல் போகிறது. யார் எந்த நாட்டை ஆடினார், எந்த ஆண்டில் வீழ்ந்தார், யார் பாதியில் விட்டுப்போனார் என்பதெல்லாம் பதிவாகிவிடும். கூட்டத்துக்கு ஞாபகசக்தி வந்தது அப்படித்தான்.

ஆணை வராத நோய் அப்போதே இருந்தது. ஒவ்வோர் இதழிலும் மாற்று ஆட்டக்காரர் பட்டியல் ஒன்று இருக்கும். யாராவது காணாமல் போனால் பட்டியலில் இருப்பவரை அந்த நாட்டுக்கு அமர்த்துவார்கள். சில இதழ்கள் தொடக்கத்திலேயே வைப்புத்தொகை வாங்கின. முடிவுவரை ஒழுங்காக ஆடியவருக்குத் திருப்பிக் கொடுப்பார்கள், விட்டுப்போனவருக்குக் கிடையாது. சில சமயம் இதழாசிரியரே களைத்துப்போய் நிறுத்திவிடுவார், அவர் நடத்திய ஆட்டங்கள் நடுவழியில் நிற்கும். அவற்றை அநாதை ஆட்டங்கள் என்றார்கள். அவற்றுக்கு வேறு நடத்துநரைத் தேடிக்கொடுக்கவென்றே தொண்டர்கள் இருந்தார்கள். சம்பளமில்லாமல், தபால்தலைக்குத் தன் காசைப் போட்டு, முன்பின் தெரியாத 7 பேரின் பொய்களுக்கு வீடு தேடித்தரும் மனிதரை நினைத்துப் பாருங்கள்.

நடுவர் எந்திரமானபோது

1980-களின் இறுதியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கென் லோ என்பவர் எழுதிய நிரல் மின்னஞ்சலில் வரும் ஆணைகளைத் தானே படித்து, தானே தீர்ப்புச் சொல்லி, எல்லோருக்கும் முடிவை அனுப்பியது. அதன் பெயரே நடுவர். இதழாசிரியரின் களைப்பு என்ற பிரச்சினை அதோடு தீர்ந்தது. ஆட்டக்காரர் வராமல் போவது தீரவில்லை. ஆகவே அந்த நிரல் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் வைத்திருந்தது. கெடுவுக்குள் ஆணை வந்தால் ஏறும், தாமதித்தால் இறங்கும். ஆட்டம் தொடங்குபவர் குறைந்தபட்சம் இத்தனை மதிப்பெண் வேண்டும் என்று வாசலிலேயே எழுதிவைக்கலாம். எத்தனை ஆட்டத்தில் வென்றீர்கள் என்பதை அந்த மதிப்பெண் பார்ப்பதில்லை. சொன்ன நேரத்தில் வந்தீர்களா என்பதை மட்டும் பார்க்கும்.

2000-களில் எழுந்த வெப்டிப்ளமசி தளமும் அதே பாதையில்தான் போனது. இலவசத் தளம், நிரல் எல்லோருக்கும் திறந்தது, மட்டுறுத்துநர்கள் தொண்டர்கள். ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு நம்பக விகிதம் உண்டு, தவறவிட்ட கெடுக்கள் அதைக் குறைக்கும். விகிதம் குறைந்தவர் நல்ல ஆட்டங்களில் சேர முடியாது. இதில் ஒரு நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வீட்டில் மின்சாரம் போகலாம், குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம். அதற்காக ஆட்டத்தைத் தொடங்கும்போதே, ஒருவருக்கு எத்தனை முறை மன்னிப்பு என்று குறித்துவிடலாம். அந்த அளவுக்குள் ஒருவர் தவறினால் எந்திரம் அவருடைய படைகளைச் சிலையாக நிறுத்திவிட்டு மேலே போகாது. கெடுவை நீட்டி அவருக்குக் காத்திருக்கும். மன்னிப்பு தீர்ந்தபின்தான் அவருடைய நாடு காலியிடமாகி, வெளியில் இருந்து யாரும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வரும். வெறும் தண்டனை மட்டும் இருந்தால் ஒருமுறை தவறியவர் வெட்கப்பட்டே திரும்ப மாட்டார். வழி விட்டால் பெரும்பாலும் வந்துவிடுவார்.

ஆடிப் பழகாதவருக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. மொன்றியாலின் மீலா ஆய்வகம் 2019-ல் வெளியிட்ட, பேசாமல் ஆடும் நிரல்களோடு அந்தத் தளத்தில் தனியாக ஆடிப்பார்க்கலாம். துணை எப்படித் தருவது, துணையை எப்படி வெட்டுவது என்பதையெல்லாம் 6 மனிதர்களின் மாதக்கணக்கான நேரத்தைச் செலவழிக்காமல் கற்றுக்கொள்ளலாம்.

"அவர் என்னிடம் பொய் சொல்லிவிட்டார்"

மட்டுறுத்துநரின் வேலை இந்த ஆட்டத்தில் தனிவகை. வேறு எங்கும் புகாராகக் கருதப்படும் பாதி விஷயங்கள் இங்கே புகாரே ஆகாது. ஏமாற்றினார், வாக்கு மீறினார், என் கடிதத்தை எதிரியிடம் காட்டிவிட்டார் என்றெல்லாம் எழுதினால், அன்போடு "அதுதான் ஆட்டம்" என்று பதில் வரும். கோபம் உண்மையானது என்பதால் அந்தப் பதிலில் அன்பு இருந்தே ஆக வேண்டும். 3 வாரம் தினமும் பேசிய ஆள் ஒரே இரவில் முகம் மாறிவிடும்போது நெஞ்சு உண்மையாகவே வலிக்கும்.

அப்படியானால் எது குற்றம்? பலகைக்கு வெளியே இருந்து உள்ளே கொண்டுவரப்படுவதும், பலகையை விட்டு வெளியே போய் ஆளைத் தாக்குவதும். ஒருவரே இரண்டு பெயரில் நுழைந்து இங்கிலாந்தையும் பிரான்ஸையும் சேர்த்து ஆடுவது முதல் வகை. கல்லூரி நண்பர்கள் இருவர் பொது ஆட்டத்தில் சேர்ந்து, என்ன நடந்தாலும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று முன்பே முடிவுசெய்துகொள்வதும் அதே வகை. "அந்த ஆட்டத்தில் நீ எனக்கு உதவினால் இந்த ஆட்டத்தில் நான் உனக்கு உதவுகிறேன்" என்பதும் அப்படியே. மிரட்டலும் இனத்தையும் பிறப்பையும் இழுக்கும் வசையும் இரண்டாம் வகை.

இரட்டைக் கணக்கைப் பிடிப்பது கேட்பதற்கு எளிது. இரண்டு பெயர்களும் ஒரே இணைய முகவரியில் இருந்து வந்தால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் இருக்கலாம், ஒரே விடுதியில் 200 மாணவர்கள் இருக்கலாம். எனவே முகவரி சந்தேகத்தைத்தான் கிளப்பும். பிறகு ஆணைகளைப் படிக்க வேண்டும். இரண்டு நாடுகள் ஒருவரிடம் ஒருவர் ஒரு சொல்கூடப் பேசாமல், ஒரு பிழையும் இல்லாமல், பருவத்துக்குப் பருவம் துணை தந்துகொண்டால் அங்கே கடிதம் தேவைப்படாத காரணம் ஏதோ இருக்கிறது. உண்மையான கூட்டாளிகள் இப்படி ஆடமாட்டார்கள். "நீ பர்கண்டியை நோக்கி ஏன் படையை நகர்த்தினாய்?" என்று சண்டை போடுவார்கள், சந்தேகப்படுவார்கள், ஒரு படையைப் பின்னால் காவலுக்கு வைத்திருப்பார்கள். நேர்மையான ஆட்டக்காரரிடம்தான் அவநம்பிக்கையின் தடயம் இருக்கும், ஏமாற்றுக்காரரிடம் இருக்காது. பல ஆண்டு ஆடியவருக்குத்தான் இது கண்ணில் படும். இந்தக் கூட்டத்தில் மட்டுறுத்துநர் ஆட்டக்காரராகவும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெயர் தெரியாமல் ஆடும் வசதியையும் இங்கே சொல்ல வேண்டும். ஆட்டம் முடியும்வரை எதிரே இருப்பவர் வெறும் துருக்கி, வெறும் பிரான்ஸ். போன ஆட்டத்தில் என்னைக் குத்தியவர் இவர் என்று தெரிந்தால் இந்த ஆட்டத்தின் முதல் நகர்விலேயே பழி தீர்க்கத் தோன்றும். முடிந்தபின் பெயர்கள் வெளிவரும், அப்போது நடக்கும் உரையாடல்தான் நட்பு பிறக்கும் இடம். "நான் அப்போதே உன்னை நம்பியிருக்க வேண்டும்" என்று ஒருவர் சொல்ல, "நம்பியிருந்தால் இன்னும் சீக்கிரம் குத்தியிருப்பேன்" என்று மற்றவர் சொல்வார்.

புள்ளிகள் பற்றிச் சுருக்கமாக. வெப்டிப்ளமசியில் ஒவ்வொருவரும் 100 புள்ளிகளோடு தொடங்கி, ஆட்டத்துக்கு ஆட்டம் பணயம் வைப்பார்கள். முன்பு, ஒருவர் வென்றாலும் மற்றவர்களுக்கு அவரவர் கையில் இருந்த மையங்களின் அளவில் பங்கு உண்டு என்று ஒரு முறை இருந்தது. புதியவருக்கு ஆறுதலாக இருக்கும்போலத் தோன்றும். நடந்தது வேறு. வெல்லப் போகிறவரைத் தடுக்க எல்லோரும் ஒன்றுகூடுவதுதான் இந்த ஆட்டத்தின் உச்சம். பங்கு கிடைக்கும் என்றால் இரண்டாம் இடத்தில் இருப்பவர் தடுக்கமாட்டார், வெல்பவருக்கு உதவிவிட்டுத் தன் பங்கை வாங்கிக்கொள்வார். பழைய ஆட்டக்காரர்கள் இதை நீண்டகாலம் எதிர்த்தார்கள், அந்த முறை கைவிடப்பட்டது. எனக்கு அவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது.

சிசரோ வந்த வாரங்கள்

2022 ஆகஸ்ட் 19 முதல் அக்டோபர் 13 வரை, வெப்டிப்ளமசியில் நடந்த பெயர் தெரியாத அதிவேகப் போட்டி வரிசை ஒன்றில் சிசரோ ஆடியது. அது மெட்டா நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு நிரல். பேச்சுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் 5 நிமிடம். 40 ஆட்டங்களில் 82 மனிதர்களோடு அது பேசியது, ஒப்பந்தம் செய்தது, 5,277 செய்திகள் அனுப்பியது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. நவம்பரில் சயன்ஸ் இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தில் எதிரே இருப்பது நிரல் என்று ஆட்டக்காரர்களுக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. ஆய்வு முடிந்தபின் எல்லோருக்கும் தெரிவிக்கப்பட்டது.

சாதனையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் இந்தக் கூட்டத்தின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. ஒரு மனிதர், ஒரு கணக்கு, எதிரே இருப்பவரும் மனிதர் என்பது பலகைக்கு வெளியே கொடுக்கப்பட்ட வாக்கு. பலகைக்குள் எத்தனை பொய்யும் பொறுக்கும் இந்த மக்கள், வெளியே அந்த ஒன்றைத்தான் இறுகப் பிடித்திருந்தார்கள். ஆய்வுக்காகத்தான் என்றாலும், அங்கே கை வைத்தது எனக்கு ஒப்பவில்லை. முன்பே சொல்லியிருந்தால் ஆய்வின் முடிவு கெட்டிருக்கும் என்பது உண்மைதான். அந்த இழப்பை ஆய்வாளர்கள் ஏற்றிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது, அதன் பயிற்சி. அந்தத் தளத்தில் நடந்த 1,25,261 ஆட்டங்களின் தரவு பயன்பட்டது. அவற்றில் 40,408 ஆட்டங்களில் உரையாடலும் இருந்தது, ஏறத்தாழ 1 கோடியே 29 லட்சம் செய்திகள். அத்தனையும் முன்பின் அறியாதவர்கள் நள்ளிரவில் எழுதிய கெஞ்சலும் வாக்குறுதியும் சூழ்ச்சியும். அந்தக் குவியல் பயன்படும் தரத்தில் இருந்ததற்குப் பின்னால், ஆண்டுக்கணக்கில் இரட்டைக் கணக்குகளைக் களைந்து, கெடு தவறியவர்களைத் திருத்தி, வசைகளை அகற்றி, ஆட்டங்கள் முடிவுவரை நடக்க வழிசெய்த ஊதியமற்ற மனிதர்கள் இருக்கிறார்கள். செய்திகளில் சிசரோவின் பெயர் வந்த அளவுக்கு அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் எழுத விரும்பினேன்.

என் இத்தாலியருக்கு என்ன ஆயிற்று என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த ஆட்டம் செத்து ஒரு மாதம் கழித்து, காலியிடப் பட்டியலில் ஒரு துருக்கியைக் கண்டேன். 3 மையங்கள், கருங்கடலில் சிக்கிய ஒரு கப்பல், யாரோ விட்டுப்போன ஆட்டம். வெல்ல வழியே இல்லை. எடுத்துக்கொண்டேன். எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன்: "துருக்கிக்குப் புதிய ஆள் வந்திருக்கிறேன். என்னைத் தாக்கினாலும் தாக்காவிட்டாலும் ஒவ்வொரு பருவமும் ஆணை அனுப்புவேன்." முதலில் பதில் எழுதியவர் ஆஸ்திரியர். "வந்ததற்கு நன்றி. உங்களுக்காக 9 நாளாக ஆட்டத்தை நிறுத்திவைத்திருந்தோம்" என்று எழுதியிருந்தார். இரண்டு பருவம் கழித்து அவர்தான் கான்ஸ்டான்டினோபிளைப் பிடித்தார். நான் ஸ்மிர்னாவில் இருந்து கடைசிப் படைக்கும் ஆணை எழுதி, கெடுவுக்கு 6 மணி நேரம் முன்னால் அனுப்பிவிட்டேன்.